அந்த ரெண்டு ஸ்லைடையும் எடுத்துடாதம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்க சுங்கை சிப்புட்ல நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி இப்ப கொஞ்சம் பரவால்ல. நேத்து போன்ல நீ அவசரத்துல இருந்த, பின்னால யாரோ உன்ன கூப்டுட்டே இருந்தாங்க, அதான் நான் சொல்ல வந்தத முழுசா சொல்ல முடியல. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ ஸ்பீடு வச்சு கேட்டுட்டு ஓகேப்பான்னு முடிச்சிருவ, அதனால டைப் பண்றேன். நீளமா போகும் பாப்பா, ராத்திரி சாப்ட்டு முடிச்சிட்டு உக்காந்து படி.

நீ கிளாஸ் நடத்தற புது முறைய பத்தி எழுதி அனுப்புன பேப்பரையும் ஸ்லைடையும் முழுசா படிச்சேன், சில எடத்த திரும்பத் திரும்ப படிச்சேன். கற்றல் கற்பித்தல்ல மாற்றமும் புத்தாக்கமும்னு மாநாட்டுக்கு தலைப்பு வச்சிருக்காங்க, அந்த மேடையில எம்மக நின்னு பேசப் போறா, அத நெனச்சா எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு உனக்கே தெரியும். ஆனா மொத டிராஃப்ட்ல இருந்த ரெண்டு விஷயம் இப்ப வந்த ஸ்லைடுல இல்ல. ஒன்னு, ஸ்டூடண்ட்ஸ் குடுத்த ஃபீட்பேக் மார்க் கொறஞ்சு போனது. இன்னொன்னு, கிளாஸ்ல பிள்ளைங்க எந்த பாஷையில பேசிக்கறாங்கன்னு நீ எழுதியிருந்தது. டிபார்ட்மெண்ட்ல சொன்னாங்க, இதெல்லாம் போட்டா நல்லா இருக்காதுன்னு, அதான் எடுத்துட்டேன்னு சொன்ன. அங்கதான் அப்பாவுக்கு மனசு ஒத்துக்கல.

மொத விஷயத்துக்கு வரேன். முன்ன நீ ஒரு மணி நேரம் நின்னு லெக்சர் குடுப்ப, பசங்க எழுதிக்குவாங்க. இப்ப வீடியோவ முன்கூட்டியே அனுப்பிட்டு, கிளாஸ்ல ஒரு கேள்விய ஸ்கிரீன்ல போடற, அவங்கவங்க போன்ல தனியா பதில் அமுக்கறாங்க, நீ பதில சொல்லாம பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னு விடற, அப்புறம் மறுபடி அமுக்கச் சொல்ற. செம்பனை ஏத்தற பெரிய லோரியும் கஞ்சில்ங்கற குட்டிக் காரும் நேருக்கு நேர் மோதிக்கிட்டா எது மேல விசை அதிகம்னு நீ கேட்டிருந்த கேள்விய நான் கடையில கோப்பி குடிக்கறப்ப நம்ம ஆளுங்ககிட்டயும் கேட்டேன், கஞ்சில் மேலதான் அதிகம்னு அடிச்சு சொல்றாங்க. ரெண்டு மேலயும் ஒரே அளவுதான், கஞ்சில் லேசா இருக்கறதால அது தூக்கி அடிக்கப்படுதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க, ஒரு ஆளு கைய மடக்கி மேசைய குத்திக் காட்டி உனக்கு வலிக்குதா மேசைக்கு வலிக்குதான்னு என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. இப்படி சண்ட போட்டுக்கற கேள்விதான் நல்ல கேள்வி, அத உன் கிளாஸுக்கு நீ கொண்டு வந்திருக்க.

நீ எழுதியிருந்த அந்த ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மஸூர் கதை எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. 1990 வாக்குல அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க பெரிய பெரிய ஃபார்முலா கணக்கெல்லாம் போட்டு மார்க் வாங்கறாங்க, ஆனா இந்த மாதிரி சாதாரண விசைக் கேள்விய வச்சா தடுமாறறாங்க, அதுல ஒரு பிள்ளை அவர்கிட்டயே கேட்டுச்சாம், இதுக்கு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி பதில் எழுதணுமா இல்ல நான் நெனைக்கற மாதிரி எழுதணுமான்னு. இந்த ஒரு கேள்விய கேட்டா எந்த வாத்தியாருக்கும் தூக்கம் போயிடும். பாடம் ஒரு பக்கம், பிள்ளையோட மனசுல இருக்கற நெனப்பு இன்னொரு பக்கம், ரெண்டும் சந்திக்கவே இல்லன்னு அந்தப் பிள்ளை நேரா சொல்லிடுச்சு.

இப்ப உன் ஃபீட்பேக் மார்க். லெக்சரர் சொல்லியே குடுக்க மாட்டேங்கறாங்க, நாங்களே படிச்சுக்க வேண்டியதா இருக்குன்னு பசங்க எழுதிட்டாங்க, ஆனா ஃபெயில் ஆனவங்க முன்னவிட கொறஞ்சிருக்காங்க. இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு. நீயே போட்டிருந்தியே, 2019-ல அதே ஹார்வர்ட்ல ஃபிசிக்ஸ் கிளாஸ்லதான் பாத்தாங்க, பேசி விவாதிச்சு படிச்ச பிள்ளைங்க டெஸ்ட்ல அதிகம் வாங்கியிருக்காங்க, ஆனா கேட்டா லெக்சர் கேட்டப்பதான் நெறைய படிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. வாத்தியார் தடங்கல் இல்லாம பேசறத கேக்கறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும், தானே மண்டைய ஒடைக்கறப்ப ஒன்னும் தெரியலயேன்னு தோணும். அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சி செஞ்சவங்க செமஸ்டர் ஆரம்பத்துலயே இத பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்கன்னும் சொல்லியிருக்காங்க, அத நீ அடுத்த செமஸ்டர்ல செய்யப் போறன்னு ஸ்லைடுல போட்டா போதும், யாரும் உன்ன கொற சொல்ல மாட்டாங்க. 2014-ல 225 ஆராய்ச்சிகள ஒன்னா சேர்த்துப் பாத்ததுல வெறும் லெக்சர் கிளாஸ்ல ஃபெயில் ஆனவங்க 34 சதவீதம் கிட்ட, பிள்ளைங்கள செயல்ல எறக்குன கிளாஸ்ல 22 சதவீதம் கிட்டன்னு நீயே எடுத்துப் போட்டிருக்க. அந்த பெரிய கணக்குக்குப் பக்கத்துல உன்னோட எறங்கிப் போன ஃபீட்பேக் மார்க்கையும் வை. அத பாக்கறப்பதான் கேக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க, ஏன்னா இதே மார்க்குக்கு பயந்துதான் பாதிப் பேரு பழையபடியே லெக்சர் குடுத்துட்டு இருக்காங்க.

நான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, மறைச்சா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். 2003-ல நம்ம மலேசியாவுல பிபிஎஸ்எம்ஐ திட்டம் வந்தப்ப, கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுக்கணும்னு தொடக்கப்பள்ளி ஒன்னாம் ஆண்டு, இடைநிலைப்பள்ளி படிவம் ஒன்னு, கீழ் ஆறாம் படிவம் மூனுலயும் ஒரே சமயத்துல ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துக்கு லேப்டாப் வந்துச்சு, எல்சிடி வந்துச்சு, சிடி வந்துச்சு, வாத்தியாருங்க எங்களுக்கு கோர்ஸும் வச்சாங்க. நல்ல நோக்கம்தான், அத நான் எப்பவும் சொல்வேன். ஆனா தோட்டத்துப் பிள்ளை வீட்ல தமிழ், கடையில மலாய், கணக்கு மட்டும் இங்கிலீஷ்லன்னா, கணக்கு புரியலயா பாஷை புரியலயான்னு அதுக்கே தெரியாது, சும்மா உதட்ட அசைச்சு படிச்சிட்டு நம்ம மூஞ்சிய பாக்கும். கோர்ஸ்ல போயி கேட்டா மேடையில பேசுன அத்தனை பேரும் நல்லா போகுது நல்லா போகுதுன்னாங்க, ரிப்போர்ட்லயும் அதேதான். எங்க தடுக்குதுன்னு சொல்ல ஆள் இல்லாம போனதால அத சரி பண்ணவும் வழியில்ல. 2009 ஜூலையில நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. அப்புறம் 2016-ல டிஎல்பி, அதாவது இருமொழித் திட்டம்னு வேற பேருல இங்கிலீஷ் திரும்ப வந்துச்சு. ஃப்ரோக் விஎல்இன்னு இணையத்துல பாடம் நடத்தற தளம் வந்துச்சு, எல்லா வாத்தியாரும் அதுல கணக்கு தொறந்தோம், 2019-ல அது போயி கூகுள் கிளாஸ்ரூம் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் கைக்கு பழகற நேரத்துல அடுத்தது வந்துடும். எது வேல செஞ்சுச்சு எது செய்யலன்னு உள்ளது உள்ளபடி யாராவது எழுதி வச்சிருந்தா அடுத்தத ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு புடிமானம் இருந்திருக்கும். நீ அத எழுதற எடத்துல இருக்கம்மா.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு இன்னும் பெருசா படுது. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னு விடறப்ப, உன் கிளாஸ்ல கிளந்தான் பசங்க அவங்க மலாய்ல பேசறாங்க, சீனப் பிள்ளைங்க மாண்டரின்ல பேசறாங்க, நம்ம தோட்டத்துப் பக்கம் இருந்து வந்த ரெண்டு பேரு தமிழ்ல பேசறாங்க, அப்புறம் பதில இங்கிலீஷ்ல சொல்றாங்க. நீ அத தடுக்காம விட்ட. மொத டிராஃப்ட்ல அத எழுதியிருந்த, இப்ப இல்ல. இங்கிலீஷ்ல நடத்த வேண்டிய பாடத்துல இது ஒழுங்கு மீறல் மாதிரி தெரியும்னு பயந்துட்ட போல.

நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப நான் இருந்த தோட்டப் பள்ளிக்கூடம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் போயி செம்பனை வந்து, ஆளுங்க டவுனுக்கு போயி, பிள்ளைங்க கொறஞ்சு கெலாஸ் பெர்ச்சந்தும்ங்கற கூட்டு வகுப்பு வச்சிருந்தோம், மூனாவதும் நாலாவதும் ஒரே ரூம்ல. கரும்பலகைய நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டு பிரிச்சு இந்தப் பக்கம் ஒரு வகுப்பு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு. ஒரு நாள் பின்னம் நடத்தறேன், மூனாவது படிக்கற பையன் ஒருத்தன் மூனுல ஒன்ன விட நாலுல ஒன்னுதான் பெருசுன்னு எழுதிட்டு நகர மாட்டேங்கறான், நாலு பெருசுதானே சார்ங்கறான். நான் படம் போட்டேன், கலர் அடிச்சேன், தலைய ஆட்டறான், மறுபடி அதையே எழுதறான். அப்ப நாலாவதுல இருந்த பொண்ணு ஒன்னு எழுந்து வந்துச்சு, போன வருஷம் அதே தப்ப எழுதுன பொண்ணு, அவன் பக்கத்துல உக்காந்து, டேய் ஒரு மைலோ பாக்கெட்ட மூனு பேரு குடிச்சா உனக்கு நெறைய கெடைக்குமா நாலு பேரு குடிச்சா நெறைய கெடைக்குமான்னு கேட்டுச்சு. அவன் கொஞ்ச நேரம் முழிச்சான், மூனு பேருன்னான், ரப்பர எடுத்து அழிச்சான். அது எங்க தோட்டத்துல பேசற தமிழ், அவன் கூட வெளையாடற பிள்ளை அவன்கிட்ட பேசுன தமிழ். புதுசா புரிஞ்சவங்களுக்குத்தான் எங்க இடிக்குதுன்னு நல்லா தெரியும், பழக்கப்பட்ட வாத்தியாருக்கு அது மறந்தே போயிருக்கும்னு மஸூரும் சொல்றாருன்னு நீ எழுதியிருந்த, அத படிச்சப்ப எனக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிதான் வந்துச்சு.

ஆனா ஒன்னு, நாங்க செஞ்சதும் நீ செய்யறதும் ஒன்னுன்னு மேடையில சொல்லிடாத. நாங்க ஆள் பத்தாம செஞ்சோம், மொதல்ல யாரு என்ன நெனச்சாங்க அப்புறம் எத்தனை பேரு மாறுனாங்கன்னு எண்ணிப் பாக்கல. வெள்ளக்காரன் காலத்துல 1912 தொழிலாளர் சட்டத்துல பத்து பிள்ளைங்க இருந்தா தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு இருந்துச்சு, பல தோட்டத்துல கணக்கு எழுதற கிராணியோ ஆளுங்கள மேய்க்கற கங்காணியோதான் வாத்தியாரு, அங்கயும் பெரிய பிள்ளைங்கதான் சின்னதுங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கும், அதுக்கும் கணக்கு இல்ல. நீ பேசறதுக்கு முன்ன ஒரு தடவ, பேசுன பின்ன ஒரு தடவ பதில் வாங்கற, அதுதான் பெரிய வித்தியாசம். மொத தடவையில 30-ல இருந்து 70 சதவீதம் பேரு சரியா சொன்னாதான் பேச விடணும், அதுக்கு கீழ இருந்தா திரும்ப வெளக்கணும், மேல இருந்தா நகர்ந்து போயிடணும்னு ஒரு அளவும் வச்சிருக்க. அந்த ரெண்டு நிமிஷத்துல பிள்ளைங்க அவங்க பாஷையில பேசுனத அதோட சேர்த்து சொல்லு. ஹார்வர்ட்ல பிள்ளைங்க பெரும்பாலும் ஒரே பாஷையில பேசிக்குவாங்க, மஸூருக்கு இத பத்தி பெருசா யோசிக்க வேண்டி வந்திருக்காது. நம்ம நாட்டு கிளாஸ்ல இது இல்லாம அந்த முறைய நட்டா வேர் புடிக்குமாங்கறதுதான் கேள்வி, அந்தக் கேள்விய கேக்க உன்ன விட பொருத்தமான ஆள் யாரு இருக்கா.

வீடியோ விஷயத்துல மட்டும் ஒன்னு பாத்துக்க. 2020 மார்ச்ல கோவிட்டுக்காக பிகேபின்னு ஊரடங்கு போட்டப்ப நம்ம தோட்டத்து லயத்துப் பக்கம் ஒரு போன வச்சுக்கிட்டு மூனு பிள்ளைங்க மாத்தி மாத்தி பாடம் படிச்சதுங்க, அப்பா வேலைக்கு போயிட்டா அந்த போனும் இல்ல. சபாவுல பித்தாஸ் பக்கம் ஒரு யுனிவர்சிட்டி பொண்ணு பரீட்சை எழுத லைன் கெடைக்கலன்னு மரத்து மேல ஏறி ராத்திரி தங்குனது அந்த வருஷந்தான். உன் பசங்கள்ல யாரு லீவுக்கு போனா லைன் இல்லாத எடத்துக்கு போறாங்கன்னு கேட்டு வச்சுக்க, வீடியோவ சின்ன சைஸ்ல டவுன்லோட் பண்ற மாதிரி குடு, கூடவே ரெண்டு பக்க நோட்டும் குடு. சாட்ஜிபிடி பத்தி யாராவது கட்டாயம் கேப்பாங்க, 2022 கடைசியில வந்ததுல இருந்து எல்லா மாநாட்டுலயும் அதே பேச்சாத்தான் இருக்காம். என் எண்ணம், பதில எங்கிருந்து வேணா கொண்டு வரட்டும், பக்கத்துல இருக்கறவனுக்கு அத வாயால சொல்லி ஒத்துக்க வைக்கட்டும். உன் முறையில அது ஏற்கனவே இருக்கு.

பதினஞ்சு நிமிஷந்தான் குடுத்திருக்காங்கன்னு சொன்ன. அறிமுகத்த சுருக்கு. டிபார்ட்மெண்ட் படம், லோகோ, நன்றி ஸ்லைடெல்லாம் வெட்டிடு. போனதும் அந்த லோரி கஞ்சில் கேள்விய சபைக்கே போடு, பேராசிரியருங்களே கைய தூக்கட்டும், பக்கத்துல பேசட்டும், என்ன பாஷையில பேசறாங்கன்னு நீ நின்னு கேளு. அதுக்கப்புறம் எடுத்துட்ட அந்த ரெண்டு ஸ்லைடையும் போடு. டிபார்ட்மெண்ட்ல ஏதாவது சொன்னா பொறுமையா, மரியாதையா பேசு, ஆனா எடுக்காத.

திருத்துன ஸ்லைட வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு, நான் பாத்துட்டு உனக்கு போன் அடிக்கறேன். அம்மா கேக்கறா, அந்த மாநாட்டுக்கு சேலை கட்டுவியா இல்ல பஞ்சாபி சூட் போடுவியான்னு, சேலைன்னா ஜாக்கெட் தைக்க இங்கயே குடுக்கறாளாம், அளவு அனுப்பு.

அன்புடன்
அப்பா