"முழு செட்" என்று விற்ற சூப்பர்சார்ஜர் எஞ்சின் பற்றிய புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா/அம்மணி,

விடயம்: பற்றுச்சீட்டில் எழுதியதற்கு மாறான எஞ்சின் செட் அனுப்பியமை

கடந்த மாதம் உங்களிடம் ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை முழுப் பணமும் கட்டி வாங்கினேன். பற்றுச்சீட்டில் உங்கள் ஆட்களே எழுதித் தந்த விவரம் இது: "4ஏ-ஜீஇசட்ஈ, எம்ஆர்2 ஏடபிள்யூ11, ஈசியூ, வயரிங், கியர்பொக்ஸ் உட்பட முழு செட்." அதாவது, ஏடபிள்யூ11 வகை எம்ஆர்2 காருக்குரிய, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி வலுவைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பூட்டிய 4ஏ-ஜீஇசட்ஈ எஞ்சின், அதை இயக்கும் கணினியான ஈசியூ, மற்றச் சாமான்கள். மட்டக்களப்பில் லொறியால் இறக்கியபோது பலகையில் கட்டியிருந்ததோ இரண்டு வேறு கார்களின் சாமான்.

என்னுடையது 1985ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2. சூப்பர்சார்ஜர் இல்லாத 1.6 லீற்றர் எஞ்சின், இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பது. 1986இல் ஜப்பானில் இதே காரை டொயோட்டா சூப்பர்சார்ஜருடன் 145 குதிரை வலுவில் வெளியிட்டது. அந்த எஞ்சினைத்தான் கேட்டேன். "மட்டக்களப்பில் மேடே இல்லையே, உங்களுக்கு எதற்கு சூப்பர்சார்ஜர்?" என்று உங்கள் விற்பனையாளர் தம்பி சிரித்தார். செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறிப் பார்த்தால் அவருக்கே விளங்கும். சரி, அது போகட்டும்.

காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான நானா ஒருவரின் கராஜில் எஞ்சினை இறக்கி வைத்துப் பார்த்தோம். எஞ்சின் சரியான எஞ்சின்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ மீற்றர் இருக்கிறது, இரண்டும் ஏடபிள்யூ11க்கு உரியவை. ஆனால் நீங்கள் அனுப்பிய வயரிங்கில் அந்த மீற்றருக்குப் பிளக்கே இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாயான மனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சருக்கான பிளக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத பிந்திய வகை கொயில்களுக்கான பிளக்குகளும் தொங்குகின்றன. நானா ஈசியூவைத் திருப்பி, தூசியைத் துடைத்து, ஒட்டியிருந்த இலக்கத்தைக் காட்டினார். 89661 என்றுதான் தொடங்குகிறது. டொயோட்டா ஈசியூக்கள் பொதுவாக அப்படித்தான் தொடங்கும். எந்தக் காருக்குரியது என்பது அதற்குப் பின்னால் வரும் எண்களில் இருக்கிறது. அது எம்ஆர்2இனுடையது அல்ல. வயரிங்கோடு சேர்த்துப் பார்த்தால், பின்னால் வந்த ஏஈ101 கொரொல்லா வகையினுடையது.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த பதில்: "ஈசியூ எல்லாம் ஒன்றுதான் அண்ணன், வயரை வெட்டி ஜொயின்ட் பண்ணுங்கோ." ஒன்றல்ல. எனக்கு வந்த எஞ்சினின் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் விகிதம், 8.0. ஏஈ101இனுடையது 8.9. எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெற்றோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்ற கணக்கு இரண்டுக்கும் வேறு. போதாததற்கு, எயார் ஃப்ளோ மீற்றரிலிருந்து வரும் தகவலை வாங்க அந்த ஈசியூவில் வழியே இல்லை. சென்சர், கொயில் எல்லாம் வாங்கி மாட்டி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஓட வைக்கலாம்தான். அந்தச் செலவையும் வேலையையும் தவிர்க்கத்தானே முழு செட்டுக்கு உரிய விலை கொடுத்தேன்?

இரண்டாவது குறை சூப்பர்சார்ஜரில். அதைச் சுழற்றும் பெல்ட் ஓடும் புல்லியில் (கப்பியில்) ஏசி கொம்ப்ரசரில் இருப்பதுபோல ஒரு மின்காந்த கிளட்ச் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது விட்டுக்கொடுத்து, மிதிக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும். 12 வோல்ட் பற்றரியை நேராகக் கொடுத்தால் 'டக்' என்று ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. கிளட்சின் கொயிலை மல்டிமீற்றரில் பிடித்தால் உள்ளே கம்பி அறுந்ததுபோல் வாசிப்பே வரவில்லை. உங்கள் தொழில்நுட்பப் பிரிவு இதற்குச் சொன்ன வைத்தியம், புல்லியை வெல்டிங் பண்ணி நிரந்தரமாகப் பூட்டிவிடுவது! அப்படிச் செய்தால் சூப்பர்சார்ஜர் தேவையில்லாத நேரமும் சுழன்று எஞ்சினின் வலுவைத் தின்னும், வெப்பமும் கூடும். இந்த ஊர் வெயிலில், காற்றோட்டம் குறைந்த பின்பக்கப் பெட்டிக்குள் எஞ்சின் இருக்கிற காருக்கு இந்த யோசனையைச் சொன்னவர் ஒருநாளும் எம்ஆர்2இன் மூடியைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்.

அப்புறம், எஞ்சின் இலக்கம். புளொக்கில் வெட்டியிருக்கும் இலக்கமும் பற்றுச்சீட்டில் இருப்பதும் வேறு வேறு. எஞ்சினை மாற்றினால் வாகனப் பதிவுச் சான்றிதழிலும் இலக்கத்தை மாற்ற வேண்டும். பிழையான பற்றுச்சீட்டைக் கொண்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் நான் என்ன சொல்வது? மற்றக் குறைகளைப் பணம் செலவழித்தாவது சரிக்கட்டலாம். இதை உங்களைத் தவிர வேறு யாராலும் திருத்த முடியாது.

கியர்பொக்ஸைப் பற்றி முறைப்பாடு இல்லை. சூப்பர்சார்ஜர் எம்ஆர்2க்குரிய ஈ51தான் வந்திருக்கிறது, நல்ல நிலையிலும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு வேண்டியவை: ஏடபிள்யூ11 சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குரிய ஈசியூவும் வயரிங்கும், வேலை செய்யும் கிளட்ச் உள்ள சூப்பர்சார்ஜர், சரியான எஞ்சின் இலக்கத்துடன் புதிய பற்றுச்சீட்டு, அதனுடன் சுங்க ஆவணப் பிரதி. பிழையான சாமான்களைத் திருப்பி ஏற்றும் லொறிக் கூலி உங்களுடையது. இவற்றைத் தர முடியாவிட்டால் முழு செட்டையும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். பாதிப் பணம், கடையில் வேறு சாமான் எடுத்துக்கொள்வது போன்ற பேச்சுக்கு நான் தயாரில்லை.

விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. இம்மாத முடிவுக்குள் உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், இதே கடிதத்தின் பிரதியை அங்கே கொடுப்பேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, ஈசியூ இலக்கம், வயரிங் பிளக்குகள், புளொக்கில் உள்ள எஞ்சின் இலக்கம் ஆகியவற்றின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். சாமான்கள் எல்லாம் வெட்டாமல், ஒட்டாமல் வந்தபடியே கராஜில் இருக்கின்றன. உங்கள் ஆள் யாரும் வந்து பார்ப்பதானால் முதல் நாள் சொல்லிவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.