படுத்துக்கொண்ட முக்கோணம்

திண்டுக்கல்
ஜூலை, ஞாயிறு இரவு

அன்புள்ள தேனு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அன்று போனில் கேட்க நினைத்தேன், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆறு மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. புதன்கிழமை நீ போனில், “படத்தில் பார்த்தேனே, அந்தக் கணக்குச் சாமானெல்லாம் எங்கே வாங்கினாய்? லிங்க் அனுப்பு” என்றாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாங்கிய சாமான் எதுவும் இல்லை, தேனு. ஒரு பழைய விளக்குமாறு, நாலு தீப்பெட்டி, சைக்கிள் கடையில் இரண்டு முழம் வால்டியூப், அதுதான் டியூப் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். அவ்வளவுதான். ஆனால் அதை வைத்து என் ஆறாம் வகுப்பில் நடந்ததை லிங்கில் அனுப்ப முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் விளக்குமாறு. ஈர்க்குச்சிகளை அளந்து ஒடித்து, மூன்று மூன்றாக நூலால் கட்டிக் குழுவுக்கு ஒரு கட்டுக் கொடுத்தேன். 3, 4, 5 சென்டிமீட்டர் ஒரு கட்டு. மூன்றும் 6 சென்டிமீட்டர் ஒரு கட்டு. இன்னொன்று 3, 4, 8. கடைசிக் குழுவுக்கு 4, 4, 8. நுனிகள் தொடுகிற மாதிரி முக்கோணம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். பலகையில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

3, 4, 8 கிடைத்த குழு இரண்டே நிமிடத்தில் எழுந்து வந்தது. “டீச்சர், எங்களுக்கு மட்டும் தப்பான குச்சி கொடுத்துட்டீங்க.” இன்னொரு முறை பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கடைசிக் குழுவில் ஒரு பொடியன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். நீளக் குச்சியின் மேல் இரண்டு சின்னக் குச்சியும் அப்படியே கிடந்தன. “டீச்சர், முக்கோணம் படுத்துக்கிச்சு” என்றான்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எழுப்பிப் பாரேன் என்றேன். அவனும் பக்கத்துப் பெண்ணும் ஐந்து நிமிடம் போராடினார்கள். ஒரு முனையைச் சேர்த்தால் மறுமுனை விட்டுப்போகிறது. கடைசியில் அந்தப் பெண் நீளக் குச்சியின் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒடித்தாள். முக்கோணம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் ஒடித்தாள், இன்னும் உயர்ந்தது. வகுப்பு முழுக்க அவர்களைச் சுற்றி நின்றது. “சின்னது ரெண்டும் சேர்ந்து பெருசைவிடக் கொஞ்சமாவது கூட இருக்கணும் டீச்சர்” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்று இருபது வருடமாகப் பலகையில் எழுதிப் போட்டேனே, அந்தப் பிள்ளைகளெல்லாம் என்ன புரிந்துகொண்டு போனார்கள் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, வால்டியூப் கதைக்கு வருகிறேன். தீக்குச்சியும் வால்டியூபும் அரவிந்த் குப்தா காட்டிய வழி. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனார். கிராமத்துச் சந்தையில் கிடைக்கிற பொருளை வைத்து அறிவியல் சொல்லித் தரலாம் என்று அங்கே காட்டினார். குப்பையிலிருந்து பொம்மை செய்கிற அவருடைய வீடியோக்களும் புத்தகங்களும் அவர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே செய். மெழுகுக் குச்சி ஆகாது, மரக்குச்சிதான் வேண்டும். மருந்தை நீ வீட்டிலேயே சுரண்டி எடுத்துவிடு, அந்த வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடாதே. வால்டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டு. இரண்டு பக்கமும் இரண்டு குச்சியைச் செருகினால் மடங்குகிற மூட்டு தயார். மூன்று குச்சி சேர வேண்டுமானால் துண்டின் நடுவில் கோணி ஊசியால் துளை போட்டு, மூன்றாவது குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவிச் செருகு. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர், “இதையெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க” என்று பரணிலிருந்து எடுத்துத் தந்தார்.

மூன்று குச்சியில் முக்கோணம் செய்தார்கள். அமுக்கினாலும் இழுத்தாலும் அசையவில்லை. நாலு குச்சியில் சதுரம். லேசாகத் தொட்டதும் சாய்ந்து சாய்சதுரமாகிவிட்டது. ஐந்தில் செய்தது ஒரு பக்கம் உள்ளே மடிந்து படகு மாதிரி ஆயிற்று. ஏன் முக்கோணம் மட்டும் நிற்கிறது என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து வருகைப் பதிவுக்கு “உள்ளேன் டீச்சர்” சொல்வதைத் தவிர வாய் திறக்காத பையன். நம் கோமதியைப் பயிற்சி நிறுவனத்தில் முதல் மாதம் பார்த்தாயே, அதைவிட ஊமை.

“எங்கப்பா சாரம் கட்டுவாரு டீச்சர். குறுக்க ஒரு கம்பு கட்டாட்டி மொத்தச் சாரமும் சாஞ்சிரும்” என்றான்.

எழுந்து வந்தான். என்னிடம் கேட்காமலே விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, சதுரத்தின் மூலைக்கு மூலை வைத்து அளந்து ஒடித்துச் செருகினான். சதுரம் நின்றது. அமுக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. அப்புறம் வகுப்பை என்னால் பிடிக்கவே முடியவில்லை. ஐங்கோணத்துக்கு ஒரு குறுக்குக் கம்பு போதவில்லை, இரண்டு கேட்டது. அறுகோணம் மூன்று கேட்டது. அந்த ஈர்க்கு ஒடித்த பெண்தான், “பக்கத்துல மூணைக் கழிச்சா போதும் டீச்சர், ஏழுக்கு நாலு கம்பு” என்றாள். ஏழு பக்கத்துக்குச் செய்தும் பார்த்தார்கள். நாலுதான். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள் தேனு. மறுநாள் ஊருக்குள் முக்கோணம் தேடப் போனார்கள். செல்போன் டவர், தகரக் கதவின் பின்பக்கப் பட்டை, அக்காவின் சைக்கிளில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகள் என்று நோட்டில் வரைந்துகொண்டு வந்தார்கள். சாரக்காரர் வீட்டுப் பையன் விரல் தடிமனில் சவுக்குக் குச்சி கொண்டுவந்து, கயிற்றில் முடிச்சுப் போடுவது எப்படி என்று மேசை மேல் எல்லாருக்கும் காட்டினான். இப்போது அவன் வாயை மூடுவதில்லை.

அந்த வாரமே பார்வைக்கு ஒருவர் வந்தார். நோட்டைப் புரட்டினார். “இது எந்தப் பாடம்? பதிவு ஏற்றியாச்சா? போட்டோ எடுத்தாச்சா?” என்று மூன்று கேள்வி. அசையாத முக்கோணத்தைக் கையில் வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. படம் எடுப்பதற்காகச் செயல்பாடு என்று ஆகிவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்து, படம் பிடித்து, மணி அடிப்பதற்குள் வாங்கி வைத்துவிட்டால் அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பெண் ஈர்க்கை ஒடித்தது பதினெட்டாவது நிமிடத்தில். பத்தாவது நிமிடத்தில் நான் விடை சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும். இதேபோல, வீட்டில் அப்பா அம்மா ராத்திரி உட்கார்ந்து செய்து தருகிற தெர்மாகோல் மாதிரிகளையும் நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கடையில் இருநூறு ரூபாய் கொடுத்து எரிமலை வாங்கி வருகிற பிள்ளை பக்கத்தில், வாங்க முடியாத பிள்ளை கூனிக்குறுகி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தபோது நாம் இருவரும் பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்கியது நினைவிருக்கிறதா? அட்டைகளின் வரிசையைக் காட்டுகிற ஏணிப்படி, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடுகிற கம்பிப் பந்தல், சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. அந்தக் கம்பிப் பந்தலில் தன் ஓவியத்தைத் தேடிப் பிள்ளைகள் அண்ணாந்து நிற்பார்களே, அந்த முகங்களை நான் மறக்கவில்லை. பிறகு 2022 ஜூனில் உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தானே சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. ஆனால் திட்டம் மாறும்போது நல்லதையும் சேர்த்துப் பரணில் போட்டுவிடுகிறோம். ஹோஷங்காபாத் திட்டமே 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, வளர்ந்து, முப்பது வருடத்துக்குப் பிறகு 2002-ல் நிறுத்தப்பட்டது. அதைப் படித்தபோது மனது கனத்தது. வால்டியூப் மட்டும் என் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இலவசப் பொருள்களைப் பற்றியும் கேட்டாயல்லவா. வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு முப்பது பிடிஎஃப் வருகிறது, எதையும் திறப்பதில்லை. நான் உண்மையிலேயே பயன்படுத்துவது கொஞ்சம்தான். தமிழுக்கு ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது, கதைகளைத் தாராளமாக அச்செடுக்கலாம், மாற்றலாம். கடைசிப் பக்கத்தை மறைத்துவிட்டுக் கொடு, முடிவைப் பிள்ளைகளே எழுதட்டும். மின்சாரப் பாடத்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், அதாவது கணினித் திரையில் செய்து பார்க்கிற செயல்விளக்கங்கள். பேட்டரியும் பல்பும் கையால் இணைத்துப் பார்த்த பிறகு மட்டும் காட்டு. பிள்ளைகளுக்கான அறிவியல் இதழ் துளிரின் பழைய இதழ்கள் உன்னிடம் இருந்தால் எனக்குக் கொடு, நம் கணக்கு ஐயா கொடுத்த கட்டு என் வீட்டு வெள்ளையடிப்பில் தொலைந்துவிட்டது. வீடியோ விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். போன வருடம் வீடியோவை முதலில் காட்டிவிட்டுச் செய்யச் சொன்னேன். முப்பத்து நாலு பேரும் அச்சு மாதிரி ஒன்றையே செய்தார்கள், ஒரு கேள்வி வரவில்லை. இப்போது வீடியோ எனக்கு மட்டும், ராத்திரி வீட்டில்.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. ஆகஸ்டு கடைசி வாரத்தில் எங்கள் ஊரில் நிழலில்லா நாள் வருகிறது. ஏப்ரலில் வந்தது தேர்வுக் காலத்தில் போய்விட்டது. மதியம் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சி, நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அதே நாளில் உன் பள்ளியில் நிழல் இருக்கும், ஏனென்றால் நீ வடக்கே இருக்கிறாய். எரட்டோஸ்தனிஸ் 2,200 வருடத்துக்கு முன் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டாரே, அதை உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாமா?

நமக்கிடையே தெற்கு வடக்காக 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் பக்கம் 1 மீட்டர் கம்புக்கு நிழல் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பூமியின் சுற்றளவு 800 கிலோமீட்டர் மாறிவிடும், அதனால் அவர்களே அளந்து, சண்டை போட்டு, திரும்ப அளக்கட்டும். உச்சிப் பொழுது உனக்கு எங்களைவிடச் சில நிமிடம் முன்னாலேயே வரும். 12 மணியிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வைத்து, மிகக் குட்டையானதை எடுத்துக்கொள். கம்பு நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார். உன் ஊர் மேகத்தை நம்ப முடியாது, முந்தின நாளும் அடுத்த நாளும் சேர்த்து அளந்து வை.

உன் பதிலைப் பார்த்துத்தான் என் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன். சாரக்காரர் மகன் கம்பு நடுகிற வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டான், அது நிச்சயம். இந்தத் தடவை ஆறு மாதம் நீ எடுத்துக்கொள்ளாதே, எனக்குப் பத்து நாளில் பதில் வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் வசந்தி