பாட்டில் துணியாகும் ஊரிலிருந்து

கரூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்பக்கம் போவதில்லை.

நீலகிரியில் 2019-லிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தாய். "கரூரில்தான் பாட்டிலைத் துணியாக்கிவிடுகிறீர்களே, அப்புறம் தடை எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். எங்கள் ஊர்ப் பெருமையை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறாய்!

பெருமை உண்மைதான். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட், பழைய பாட்டிலில் செய்த துணி. அந்தத் துணி இங்கிருந்து போனது. பாட்டிலைச் சில்லு சில்லாக நறுக்கி, காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீரில் கழுவுகிறார்கள். மூடி மிதக்கும், பாட்டில் சில்லு மூழ்கும்; அப்படியே பிரித்துவிடலாம். மேலே ஒட்டிய லேபிள் பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால்தான் வம்பு. அதுவும் கூடவே மூழ்கிவிடும். கொஞ்சம் கலந்தாலும் உருக்கும்போது சரக்கு கெட்டுப்போகும். சில்லை உருக்கும்போதே நிறத்தைச் சேர்த்து நூலாக இழுத்தால் தனியாகச் சாயம் போட வேண்டியதில்லை. சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்கள் நாம். அதனால் இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் துணியான பிறகு? சட்டை கிழிந்தால் அதை மறுபடி பாட்டிலாக்க யாரும் வாங்குவதில்லை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது லேசான வேலையும் இல்லை. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகள் வேறு சாக்கடைக்குப் போகின்றன. குப்பைக்குப் போவதைச் சில வருஷம் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். பாட்டிலை மறுபடி பாட்டிலாகவே ஆக்கினால் கொஞ்சம் தேவலை.

அதற்கும் முதலில் பாட்டில் சுத்தமாகக் கைக்கு வந்து சேர வேண்டும். ஊருக்குள் தூக்கி எறிந்ததைப் பொறுக்கிக் காயலான் கடையில் போட ஆள் இருக்கிறது. உங்கள் பள்ளத்தாக்கில் விழுந்ததை யார் இறங்கி எடுப்பார்கள்? காசு திரும்பக் கிடைக்கும் என்றால் கதையே வேறு. 2022-ல் உங்கள் மலையில்தானே டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள்? குடிப்பவர்களுக்கு வந்த அந்த ஒழுங்கு, தண்ணீர் குடிக்கும் நமக்கு இன்னும் வரவில்லை. ஜெர்மனியில் 2003-லிருந்து தண்ணீர் பாட்டிலுக்கே 25 சென்ட் முன்பணம். அநேகமாக எல்லாம் கடைக்குத் திரும்பிவிடுகின்றன.

ஆகவே என் கட்சி இதுதான்: வாங்கிவிட்ட பாட்டிலுக்கு மறுசுழற்சியைவிட நல்ல வழி இல்லை, எரிப்பதையும் புதைப்பதையும்விட எவ்வளவோ மேல். ஆனால் வாங்காமல் இருக்க வழி இருக்கும் இடத்தில் மறுசுழற்சியைச் சாக்காகச் சொல்லக்கூடாது. உங்களுக்குத்தான் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்களே. அவை ஒழுங்காக ஓடுகின்றனவா? ஓடவில்லை என்றால் உன் அலுப்பில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

சித்திரையில் குன்னூர் வரலாம் என்றிருக்கிறோம். தங்கச்சியிடம் சொல்லி வை. வர்க்கி வாங்கி வைக்க மறக்காதே.

அன்புடன்,
ராமசாமி