விடிவதற்கு முன் ஏரி நீரைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரையில் குடியிருப்போரும் ஏரியில் மீன்பிடித்து வாழ்வோரும்

பெறுநர்:
சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்

பொருள்: ஏரியில் மீன்கள் தொடர்ந்து செத்து மிதப்பது – சூரியன் உதிக்கும் முன் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கவும், வடக்கு வாய்க்காலில் வரும் சாக்கடையை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரியும் வடக்கு வாய்க்காலும் தாங்கள் அறிந்த இடங்கள்தாம். ஆகவே இடத்தை விவரித்துத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு அளித்த மனுக்களுக்கு எழுத்தில் பதில் ஏதும் வரவில்லை. ஒரு தடவை மட்டும் அலுவலகத்திலிருந்து ஒருவர் உச்சி வெயிலில் வந்து, மதகுப் படியில் நின்று, ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அப்புறம் நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது, "ஆக்சிஜன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அளந்தால் நன்றாகத்தான் இருக்கும். மீன்கள் சாவது அந்த நேரத்தில் இல்லை. பணிவுடன் நாங்கள் முறையிட விரும்புவது இதைத்தான்.

1. ஏரி பச்சை பிடித்துக் கிடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நீரில் விடுகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர், லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் அளந்தால் அதையும் தாண்டிக் காட்டும். பார்ப்பவருக்கு ஏரி முழு ஆரோக்கியத்தோடு இருப்பதுபோல் தோன்றும். இருட்டியதும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது, ஆனால் சுவாசம் நிற்பதில்லை. பாசி, மீன், புழு, அடிச்சேற்றில் கழிவைத் தின்னும் பாக்டீரியா என எல்லாமே பகலில் சேர்ந்த கையிருப்பை இரவு முழுக்கச் செலவழிக்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் அது அடிமட்டத்துக்கு வருகிறது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மப்பு போட்டால் பகலில் சேர்வதும் குறைந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களுக்கு அடுத்த காலையில்தான் செத்த மீன்கள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்குகின்றன.

2. எங்களை மிகவும் வருத்துவது இதுதான், ஐயா. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மதகடியில் நின்றால் முதலில் தெரிவது வாய்கள். பெரிய கெண்டைகள் உடம்பைச் சாய்த்து, மேல்தோல் போன்ற ஓர் அங்குல நீரில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய படலத்தில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. கையை ஆட்டினாலும் விலகாது, விலகும் தெம்பு அதற்கு இருக்காது. செவுள் மூடிகள் விரிந்தபடியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரளும், பிறகு இன்னொன்று. கவனித்துப் பாருங்கள், முதலில் சாவது பெரிய மீன்கள். குஞ்சுகள் ஓரத்து ஆழமில்லாத நீரில் தப்பிக் கிடக்கின்றன. விரால் சாவதில்லை, ஏனெனில் அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். விஷத்தால் செத்திருந்தால் பொதுவாகக் குஞ்சுகள்தான் முதலில் போகும். விடியலில் சாவது, பெரியவை முதலில் சாவது, விரால் தப்பிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்வது மூச்சுத்திணறலைத்தான். "யாரோ மருந்து கலந்திருப்பார்கள்" என்று கூறி எங்களையே சந்தேகப்படுவது நியாயமா? அரித்து எடுக்க முடிந்ததை எடுத்துப் புதைக்கிறோம். எடுக்க முடியாதவை மூழ்கி அழுகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. அடுத்த விடியல் அதைவிட மோசமாகிறது.

3. பகலில் மீன்களுக்கு வேறு தொல்லை. சாக்கடை நீரில் அம்மோனியா வருகிறது. அது நீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனியால் தீங்கு குறைவு. மின்னூட்டம் இல்லாத அம்மோனியா செவுள் வழியாக நேரே இரத்தத்துக்குள் போய்விடும். எது எவ்வளவு என்பதை நீரின் காரகாடித்தன்மை, அதாவது பிஎச் அளவு, முடிவு செய்கிறது. 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நச்சாகிவிடும். பாசி பகல் முழுக்க நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஎச் ஏறுகிறது. பகலில் அம்மோனியா, இரவில் மூச்சுத்திணறல். எப்போதுதான் அவை பிழைத்திருப்பது?

4. இத்தனைக்கும் மூலம் வடக்கு வாய்க்கால். மலஜலமும் சோப்புத்தூள் நீரும் கொண்டுவரும் பாஸ்பரஸ்தான் பாசிக்கு உரம். இது எங்கள் ஊகம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 'ஏரி 226' என்ற ஏரியை 1973-ல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சை பிடித்தது. ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினரின் இந்தச் சோதனை தங்கள் துறையில் அனைவரும் அறிந்ததே. ஒரு கிராம் பாஸ்பரஸால் வளரும் பாசி முழுதும் செத்து மக்கும்போது சுமார் 140 கிராம் ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதும் தங்களுக்குத் தெரியும். அதோடு, அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் தீர்ந்ததும் மறுபடி நீருக்கு வந்துவிடுகிறது. வாய்க்காலை இன்றே அடைத்தாலும் ஏரி உடனே தேறாது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சேற்றில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. இதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறோம், தொந்தரவு செய்வதற்காக இல்லை.

5. பாசியைக் கொல்வதற்கென்று மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) மட்டும் தயவுசெய்து ஏரியில் போட்டுவிட வேண்டாம். பாசி ஒரேயடியாகச் செத்தால் அது மக்கவும் ஆக்சிஜன் வேண்டும். நீலப்பச்சைப்பாசி உள்ளே வைத்திருக்கும் கல்லீரல் நச்சு அத்தனையும் நீரில் இறங்கிவிடும். கரையில் மாடு நீர் குடிக்கிறது.

6. அந்த கேனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதி நிரம்பிய கேனைக் குலுக்கிக்கொண்டு வண்டியில் போனால், வழியிலேயே காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்துவிடாதா? கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முறையை ஹங்கேரி வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-லேயே சொல்லிவிட்டார். குமிழி இல்லாமல் கண்ணாடிப் புட்டியை விளிம்பு வரை நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடவேண்டும். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாகும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். நிறத்தைப் பார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். சரி, அதெல்லாம் பழைய முறை என்றால், மீட்டரைக் கொண்டுவந்து நீரில் இறக்கினால் ஆயிற்று. இது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் உச்சி வெயிலில் வந்து, கேனில் பிடித்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறீர்கள்? நன்றாக இருக்கும் நீரில் மீன் ஏன் வாயை மேலே வைத்துச் சாகிறது? இந்த ஒரு கேள்விக்காவது பதில் எழுதியிருக்கலாம்.

7. விடிவதற்கு முன் வாருங்கள், ஐயா.

8. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அலுவலக நேரம் காலை 10 மணிக்குத் தொடங்குகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அந்நேரத்துக்குள் வெயில் ஏறிப் பாசி வேலையைத் தொடங்கிவிடும், அளவும் ஏறிவிடும். ஒரே ஒரு நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் மதகடி, நடு ஏரி, வாய்க்கால் வாய் ஆகிய மூன்று இடங்களில் மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். அதே நாள் பிற்பகல் 3 மணிக்கும் அதே இடங்களில் அளந்து, பிஎச்சையும் அம்மோனியாவையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குமேல் நாங்கள் வாதாட மாட்டோம். அந்த எண்களை வைத்து, வடக்கு வாய்க்கால் நீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் இறங்குவதைத் தடுக்க உத்தரவிட வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

எந்த நாள் வருகிறீர்கள் என்பதை முந்தின மாலைக்குள் தெரிவித்தால் போதும். நடு ஏரிக்குப் போகப் படகும், வழி தெரிந்த ஆளும் எங்கள் பொறுப்பு. அளவீட்டு அறிக்கையின் நகலை, மாதிரி எடுத்த நேரத்தையும் குறித்து, இம்முறை எழுத்தில் தரவேண்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)