அந்த வைரல் காய்ச்சல், காய்ச்சல் இல்லை

தம்பிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி “எல்லாம் சரியாக இருக்கு, வை” என்று முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு ராத்திரி கூப்பிடு.

போன மாதம் எனக்கு வைரல் காய்ச்சல் என்று சொன்னோம் இல்லையா, அது காய்ச்சல் இல்லை. குக்கரை இறக்கி வைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தேன். அப்பா நாடி பிடித்து எண்ணினார். நிமிடத்துக்கு 44. எனக்கு வழக்கமாக 70, 80 இருக்கும். உடனே ஆட்டோ பிடித்துப் போனோம். இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கேட்டது, “மாத்திரை டப்பாவையும் அட்டைகளையும் கொண்டுவந்தீர்களா?” என்றுதான்.

அப்பா பையோடு கொண்டுவந்திருந்தார். டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டையைத் தனியாக எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் வேறு வேறு. பின்பக்கத்தில் இரண்டிலும் ஒன்றேதான்: மெட்டோபிரலால், 50 மில்லிகிராம். ஒன்று நம் தெரு மெடிக்கலில் வாங்கியது. இன்னொன்று நீ ஆப்பில் ஆர்டர் போட்டு அனுப்பியது.

நீ அனுப்பியது பழைய மாத்திரையேதான், கம்பெனி மட்டும் வேறு. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? டாக்டர் புதிதாக எழுதியதை நீ வாங்கி அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து, பழையதோடு அதையும் மாத்திரை டப்பாவில் காலை வேளைக் கட்டத்தில் போட்டுவிட்டார். ஐந்து நாள் இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறேன். அது நாடியைக் குறைக்கிற மாத்திரை. நான் சாப்பிடும் டிஜாக்சினும் நாடியைக் குறைக்கும். 44க்கு இறங்கியதில் ஆச்சரியமே இல்லை என்றார் டாக்டர். வேறொன்றையும் சேர்த்துச் சொன்னார்: “பயந்துபோய் ரெண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, திடீர்னு நிறுத்தினா துடிப்பு எகிறும்.” ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

உன் மேல் கோபம் இல்லை. அப்பாதான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. தன் கையாலேயே எனக்கு விஷம் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நீ ஆபீசில் எல்லோரிடமும் “அம்மாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம்” என்று சொல்கிறாய். என்ன ப்ராப்ளம் என்று தெரியுமா? பதினொரு வயதில் எனக்குத் தொண்டை வலி வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது, அப்புறம் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லி 21 நாளுக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசி போட்டார்கள். கல்யாணம் பேச ஆரம்பித்ததும் பாட்டி அதை நிறுத்திவிட்டாள். ஊசி போடுகிற பெண் என்று தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று பயம். அந்தக் காய்ச்சல் கடித்துவைத்த இதய வால்வுதான் வயதாக ஆகச் சுருங்கியது. வால்வு சுருங்கினால் அதற்கு மேலே இருக்கிற அறை விரியும். விரிந்த அறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். மகாமகக் குளத்து மூலையில் தண்ணீர் அசையாமல் பாசி கட்டுமே, அந்த மாதிரி அங்கே ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்படித் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட 5 மடங்கு என்கிறார்கள். வால்வுச் சுருக்கமும் சேர்ந்தால் அதைவிடவும் அதிகம். படபடப்பைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் கட்டிதான் பயம். ராத்திரி சாப்பிடும் அசிட்ரோம், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை, அதற்காகத்தான்.

அதைத்தான் நீ “எலிமருந்தும்மா அது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. டாக்டரிடம் காட்டினேன், அவர் முழுக் கதையையும் சொன்னார். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்திருக்கின்றன. விஸ்கான்சினில் அந்தத் தீவனத்தை ஆராய்ந்துதான் வார்ஃபரின் வந்தது. 1948இல் எலிமருந்தாக விற்றார்கள், 1954இல் மனிதர்களுக்கும் வந்துவிட்டது. அசிட்ரோம் அதற்குத் தங்கை மாதிரி. எலிக்கு அளவு பார்க்க மாட்டார்கள், எனக்கு மாதாமாதம் பார்க்கிறார்கள். அதுதான் அந்த பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. எனக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு.

“டெஸ்டே வேண்டாத புது மாத்திரை இருக்கிறதே, என் மேனேஜர் அப்பா அதுதானே சாப்பிடுகிறார்” என்று கேட்டாய். கேட்டது நியாயம்தான். அவருக்கு வால்வு நன்றாக இருக்கும். என்னைப் போல ருமாட்டிக் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்கு எது நல்லது என்று இந்தியாவையும் சேர்த்து 24 நாடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2022இல் முடிவு வந்தது. புது மாத்திரையான ரிவராக்சபான் சாப்பிட்டவர்களைவிடப் பழைய வகை சாப்பிட்டவர்களில்தான் சாவு குறைவு. அதனால் எனக்குப் பழையதே போதும். மாதம் ஒருமுறை லேப்புக்குப் போய்க் கையை நீட்டுவது பெரிய கஷ்டமா? போகிற வழியில் பூக்காரம்மாவையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு நாள் அத்தை வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். முழங்கால் வலி தாங்க முடியவில்லை. அடுத்த தெருவில் ஒரு மெடிக்கலில் மூட்டுவலி என்று சொன்னால் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அட்டையும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆறு நாள் வாங்கிச் சாப்பிட்டேன். வலி பறந்தே போனது. ஏழாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், மறுநாள் மலம் தார் மாதிரிக் கறுப்பு. அந்தக் காகிதத்தில் டைக்ளோஃபெனாக் போல ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அது வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். அசிட்ரோம் அந்தப் புண் உறைய விடாது. ரத்தம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். கடைக்காரர் நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

அதிலிருந்து யார் எனக்கு என்ன கொடுத்தாலும் முதலில் “ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. பல் டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் இதய டாக்டரோடு பேசி, முதல் நாள் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுத்தான் பல்லைப் பிடுங்கினார். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. காய்ச்சலுக்குப் போனால் இடுப்பில் ஊசி வேண்டாம் என்கிறேன், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதினால் ஐ.என்.ஆர். ஏறும் என்று எனக்கே இப்போது தெரியும், அவரிடமே கேட்டுவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடை லேகியமானாலும் இதே கதைதான். இலை தழைதானே என்று விட முடியாது.

கீரையைப் பற்றி நீ தினமும் கேட்கிறாய். போன வருஷம் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள் என்று கொல்லை மரத்து முருங்கைக்கீரையை ஒரு மாதம் தினமும் சூப் வைத்துக் குடித்தேன். ஐ.என்.ஆர். 1.4க்கு இறங்கிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “எந்த மரத்தைம்மா மொட்டை அடிச்சீங்க?” என்று கேட்டார். கரும்பச்சைக் கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே அதிகம். இந்த மாத்திரை தடுப்பதும் அதன் வேலையைத்தான். ஆனால் கீரையே சாப்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. ஒரே மாதிரி சாப்பிடு என்றார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒரு கைப்பிடி. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று உன் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் கேலி செய்வேன். என்னுடைய இந்த ஒரு மாத்திரை விஷயத்திலாவது கிழவி ஜெயித்துவிட்டாள். ஏகாதசிக்கு முழுப்பட்டினி கிடப்பதையும் விட்டுவிட்டேன். சாப்பாடு நின்றாலும் அந்த எண் ஆடும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்றால், பழைய டயரியில் அப்பா கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் நாடி, ராத்திரி அசிட்ரோம். திங்கள், புதன், வெள்ளி 2 மில்லிகிராம், மற்ற நாள் 1. டிஜாக்சின் வாரத்தில் ஐந்து நாள்தான், சனி ஞாயிறு லீவு. சாப்பிட்டதும் டிக் போடுகிறேன். ஒரு நாள் அசிட்ரோம் மறந்துவிட்டேன், ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வந்தது, எழுந்து போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் ஞாபகம் வந்திருந்தால் விட்டுவிட வேண்டியதுதான், டயரியில் எழுதிவைக்க வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. நாடி 50க்குக் கீழே போனாலோ, சாப்பாடு குமட்டினாலோ, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ டாக்டருக்குப் போன். தலையில் அடிபட்டால் வீக்கம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் 108. அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். பால்காரர்கூடப் படித்துவிட்டார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மாத்திரையை ஆப்பில் போடாதே. டாக்டர் எழுதிய சீட்டில் உள்ளதை நம் மெடிக்கலில் அதே கம்பெனியாகப் பார்த்து வாங்குகிறோம், கம்பெனி மாறினால் அவரிடமே கேட்டுவிடுகிறோம். பணம் அனுப்பாமல் இருக்க உனக்கு மனசு கேட்காதென்றால் லேப் செலவுக்கு அனுப்பு. என் பக்கத்திலும் ஒரு வாக்கு தருகிறேன்: இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போனால் அத்தை வீடு, வைரல் காய்ச்சல் என்றெல்லாம் கதை விடமாட்டேன். அன்றைக்கே சொல்வேன். நீயும் அன்றைக்கே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வரக்கூடாது, சரியா?

அடுத்த ஐ.என்.ஆர். 14ஆம் தேதி. வந்ததும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அப்புறம், நீ அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரை பெரிய டப்பா பீரோவில் பிரிக்காமல் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், எனக்கு வேண்டாம் என்றார். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. காசு கொடுத்து வாங்கியது, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்.

அம்மா