ஆண்டறிக்கை 2021: புற்றுநோயாளர் சங்கச் செயலாளர் பொதுக்குழுவில் சமர்ப்பித்தது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் வணக்கம். 2021 ஜனவரி முதல் டிசம்பர் வரை சங்கம் செய்த பணிகளைப் பற்றிய இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இரண்டாவது ஆண்டாக நாம் திரையில்தான் கூடியிருக்கிறோம். கேள்விகளை அறிக்கை முடிந்த பிறகு கேட்குமாறு வேண்டுகிறேன்.

வழக்கமான அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. வார்டுகளுக்குச் சென்று புதிய நோயாளிகளைச் சந்திக்கும் பணி ஆண்டு முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஈடாகத் தொலைபேசிக் குழுவினர் முறை வைத்துப் பேசினார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு நாம் இழந்த உறுப்பினர்களின் பெயர்களைத் தலைவர் வாசிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்தின் இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி ஒரே ஓர் அட்டைக்குச் சென்றது. உள்ளங்கை அளவுள்ள அந்தக் காய்ச்சல் அட்டை ஏன் தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெருந்தொற்று தொடங்கிய நாள் முதல் எல்லோர் காதிலும் விழுந்த அறிவுரை, இலேசான காய்ச்சல் என்றால் வீட்டிலேயே தனித்திருங்கள், மருத்துவமனைக்கு ஓடாதீர்கள் என்பது. பொதுமக்களுக்குப் பொருந்திய அந்த அறிவுரை, கீமோ என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்குப் பொருந்தாது. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான காலத்தில்தான், கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவை 1,500க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். 500க்குக் கீழே போனால், நம் உடலிலேயே குடியிருக்கும் சாதாரண பாக்டீரியாகூட இரத்தத்தில் புகுந்து சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும். அந்நிலையில் சீழோ வீக்கமோ தென்படாமல் காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கக்கூடும். ஆகவேதான் வெப்பநிலை 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவக் குழுவை அழைக்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் மருந்து நரம்பில் ஏறத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் தங்களுக்கே வைத்திருக்கும் இலக்கு.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு வந்த அழைப்பை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். "அண்ணா, மருந்து ஏறிப் பத்து நாள் ஆகிறது, சாயங்காலத்திலிருந்து உடம்பு கொதிக்கிறது, பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன், இப்போது பரவாயில்லை" என்றார் ஒரு பெண் உறுப்பினர். மாத்திரை போடும் முன் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். காய்ச்சல் என்று சொன்னால் கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள், பிள்ளைகளைப் பார்க்க விடமாட்டார்கள் என்ற பயத்தில், வெப்பமானியைத் தொடாமலேயே மாத்திரையை விழுங்கியிருக்கிறார். காய்ச்சல் தணிந்ததே தவிர அதற்குக் காரணமான தொற்று தணியவில்லை. அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்றார். கொரோனா பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது, நியூட்ரோபில் எண்ணிக்கை 300 என்று வந்தது. ஆறு நாள் ஊசி மருந்துக்குப் பிறகு நலமாக வீடு திரும்பிய அவர், இந்நிகழ்வைப் பெயர் சொல்லாமல் அறிக்கையில் சேர்க்கத் தாமாகவே அனுமதி தந்தார்.

இந்த விஷயத்தில் சங்கத்தின் பக்கமும் ஒரு தவறு நேர்ந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பிப்ரவரியில் நாங்கள் முதலில் அச்சிட்ட அட்டையில், காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும் என்ற வரி இருந்தது. பொதுமக்களுக்கான துண்டுப் பிரசுரத்திலிருந்து அதை யோசிக்காமல் எடுத்துப் போட்டவன் நான்தான். நம் செயற்குழுவிலுள்ள ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா அதைப் பார்த்ததும், "தம்பி, இரண்டு நாள் காத்திருந்தால் இந்த அட்டையைப் படிக்க ஆள் இருக்காது" என்றார்.

முதல் கட்டைத் திரும்பப் பெற்று அழித்தோம். இப்போதுள்ள அட்டையின் முன்புறத்தில் கடைசியாக மருந்து ஏறிய தேதி, மருந்துகளின் பெயர், கடைசி இரத்த எண்ணிக்கை, ஒவ்வாமை, மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் பொருத்தப்பட்டுள்ளதா, இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. பின்புறத்தில், "நான் கீமோ எடுத்துக்கொள்பவர், கொரோனா முடிவுக்காகக் காத்திருக்காமல் இரத்த எண்ணிக்கையை உடனே பார்க்கவும்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அவசரப் பிரிவின் வாசலில், முகக்கவசத்துக்குள்ளிருந்து மூச்சிரைக்க விளக்கிக்கொண்டிருப்பதைவிட அட்டையை நீட்டுவது எளிது என்று பயன்படுத்தியவர்கள் சொல்கிறார்கள்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கொரோனாவுக்குப் பலனளிக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அறிவித்ததிலிருந்து, வாந்தியைத் தடுக்கக் கீமோவுடன் தரப்படும் அதே மாத்திரை வீட்டில் மிச்சமிருப்பதைக் கண்டு, முன்னெச்சரிக்கையாக ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் பலர். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கே அது உதவியது, தேவைப்படாதவர்களுக்கு உதவவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. காய்ச்சலை மறைக்கும் குணமும் ஸ்டீராய்டுக்கு உண்டு என்பதால், நம்மைப் பொறுத்தவரை அது இரட்டை ஆபத்து.

எது கொரோனா, எது மருந்தின் பக்கவிளைவு என்று பிரித்தறிவதே இவ்வாண்டு முழுக்க நம்மைப் படுத்திய பாடு. சுவை தெரியாமல் போவது, படுத்தால் எழ முடியாத அசதி, வயிற்றுப்போக்கு ஆகிய எல்லாம் நமக்குப் பழகிய தொல்லைகள். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி சிகிச்சை எடுப்பவர்களுக்கு வரக்கூடிய நுரையீரல் அழற்சி, சிடி ஸ்கேனில் கொரோனா நிமோனியா போலவே தோன்றும் என்று மாதக் கூட்டத்தில் பேசிய புற்றுநோய் மருத்துவர் படத்துடன் காட்டியபோது, அனுபவப்பட்ட உறுப்பினர்களே திகைத்துப்போனார்கள். வீட்டிலிருந்தபடி ஊகிப்பதை விட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் வெப்பநிலையையும் ஆக்சிஜன் அளவையும் குறித்து வைத்து, வழக்கத்திலிருந்து மாறும்போது அந்தக் குறிப்போடு மருத்துவரை அழைப்பது என்று முடிவு செய்தோம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்க, சங்கம் இரவல் தந்த பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் இதற்குப் பயன்பட்டன. ஆனால் சில கீமோ மருந்துகளால் நகம் கறுத்துத் தடித்திருந்தாலும், விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறொரு விரலில் மாற்றிப் பார்த்த பிறகும் 94 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் காத்திருக்க வேண்டாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. தொற்றுக்குப் பயந்து கீமோவை நிறுத்திவிட்டவர்கள், ஸ்கேன் தேதியைத் தவறவிட்டவர்கள், மார்பில் கட்டி தட்டுப்பட்டும் நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது என்று ஏழு வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மறுபக்கம், கொரோனா தொற்றிய 800 புற்றுநோயாளிகளைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, முந்தைய நான்கு வாரங்களில் கீமோ எடுத்திருந்ததால் மட்டும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றும், வயதும் உடனிருந்த வேறு நோய்களுமே பெரிய காரணங்கள் என்றும் 2020 மே மாதம் தெரியவந்தது. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் இதை எல்லோருக்கும் ஒரே அளவுகோலாகக் கொள்ள முடியாது. நாங்கள் சொல்லிவந்தது இவ்வளவுதான்: தள்ளிப்போடும் முடிவை மருத்துவர் எடுக்கட்டும், அச்சம் எடுக்க வேண்டாம். வருகைகளைக் குறைக்க மருத்துவர்களிடமே வழிகள் இருந்தன. மார்பகப் புற்றுநோயில், மூன்று வாரங்களில் 15 தடவை வைக்கும் கதிர்வீச்சுக்குப் பதிலாகத் தகுதியானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை போதும் என்பதை 2020இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகள் காட்டியிருந்தன. "கரண்ட் வைக்க" தினமும் அலைய வேண்டுமே என்று கலங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தடுப்பூசி குறித்து வந்த கேள்விகளுக்குத் தனிப் புத்தகமே போடலாம். முதல் சோதனைகளில் சிகிச்சையிலிருக்கும் புற்றுநோயாளிகள் பெரும்பாலும் சேர்க்கப்படாததால், "எங்களை வைத்துப் பார்க்காத ஊசியை எங்களுக்குப் போடலாமா" என்ற கேள்வி நியாயமானதே. பயன்பாட்டுக்கு வந்தவை உயிருள்ள கொரோனா வைரஸைக் கொண்டவை அல்ல என்பதும், தொற்றினால் நமக்கு நேரும் கேடு ஊசியால் நேரக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும் பதிலாக அமைந்தன. சில இரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து எடுத்தவர்களுக்கு எதிரணுக்களைச் செய்யும் பி செல்களே இல்லாமல் போவதால், பல மாதங்கள் வரை ஊசியின் பலன் குறைவாகவே இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஊசி போட்டுக்கொள்வது முதல் அரண். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தவணை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் அக்டோபரில் பரிந்துரைத்தது.

ஊசியை ஒட்டி நேர்ந்த ஒரு பதற்றத்தையும் பதிவு செய்கிறேன். இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாண்டு நலமாக இருந்த ஓர் உறுப்பினர், இடது கையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். நான்காம் நாள் இடது அக்குளில் நெறி கட்டியது. நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு இரவு உறங்காமல் அழுதிருக்கிறார். தடுப்பூசி போட்ட பக்கத்தில் நிணநீர் முடிச்சு வீங்குவது பரவலாகக் காணப்படும் விளைவு. சில வாரங்களில் வற்றிவிடும். அவருக்கும் வற்றியது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் எதிர்ப்பக்கக் கையில் போட்டுக்கொள்வதும், மாமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கச் செல்லும்போது ஊசி போட்ட தேதியையும் கையையும் சொல்வதும் இந்தக் கலக்கத்தைத் தவிர்க்கும். இதைத் தெரிந்துகொள்ளவே நமக்கு ஒருவருடைய இரண்டு இரவுகள் செலவாகிவிட்டன.

செய்திகளைச் சரிபார்க்க அமைத்த மூவர் குழு, உறுப்பினர்கள் அனுப்பிய தகவல்களை வாரந்தோறும் பார்த்துப் பதில் தந்தது. பெரும்பாலானவை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் பொடிகளும் மாத்திரைகளும்தான். கீமோ மருந்து கல்லீரலில் சிதைவதற்கு அவை இடையூறாகலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டாமல் எதையும் தொடவேண்டாம் என்பதே நிரந்தரப் பதில். பெரிய இதழில் வந்தது என்பதும் முடிவான சான்று ஆகாது. நான் மேலே சொன்ன 800 பேர் ஆய்வை வெளியிட்ட லான்செட் இதழ்தான், அதே மே மாதம் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சி குளோரோகுயின் பற்றி 96,000 நோயாளிகளின் தரவு என்று ஒரு கட்டுரையை வெளியிட்டு, தரவைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 அன்று திரும்பப் பெற்றது. எனவே புதிய செய்தி எதுவானாலும் இரண்டு வாரம் ஆறப்போட்டு, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்பது என்ற வழக்கத்தைக் குழு ஏற்படுத்தியது. டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற, கொரோனாவுக்குச் சேர்த்துத் தரப்படும் நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் மாத்திரைகளை மட்டும் இப்படி ஆறப்போட முடியாது: அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டியவை அவை. ஆனால் வெனிட்டோகிளாக்ஸ், இப்ருட்டினிப் முதலிய இரத்தப் புற்றுநோய் மருந்துகளின் அளவை ரிட்டோனவிர் இரத்தத்தில் ஆபத்தாகக் கூட்டிவிடும். ஆகையால் காய்ச்சல் அட்டையின் அடுத்த அச்சில், தினமும் விழுங்கும் மாத்திரைகளுக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது.

முகக்கவசம், கைகழுவல், சன்னலைத் திறந்து வைத்தல் ஆகியவற்றைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, கேட்பவர்களும் அலுத்துவிட்டார்கள். துணிக் கவசத்தைவிட மருத்துவக் கவசமே நமக்கு உகந்தது என்பதை மட்டும் மீண்டும் குறிப்பிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்து கால் வலுவிழந்தவர்களுக்காகக் காலையில் நடத்தப்பட்ட இருபது நிமிடத் திரைவழிப் பயிற்சிக்கு, நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பயிற்சி முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கவே வந்தார்கள் என்பது என் கணிப்பு. அதில் தவறேதும் இல்லை.

இரத்த தானம் செய்வோர் குறைந்ததால் நேர்ந்த, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் தட்டுப்பாடு இவ்வாண்டும் நீடித்தது. தட்டணுக்களை ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால், முகாம் நடத்தி ஒரே நாளில் சேர்ப்பது பயன் தராது. வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக் கொடையாளர்களை அனுப்பும் பட்டியலை உறுப்பினர்களின் பிள்ளைகள் பராமரிக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

நிலுவையில் இருப்பவை: இரவல் பெற்ற ஆக்சிமீட்டர்களில் ஏழு இன்னும் திரும்பவில்லை. தேவை முடிந்தவர்கள் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, கருவியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துத் தொலைபேசிக் குழுவிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய அட்டை யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதன் மேல் விளிம்பு நீல நிறத்தில் இருக்கும், புதியதில் சிவப்பு. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்