'தானே காய்க்கும்' என்று விற்ற நெல்லி ஒட்டுக் கன்றுகள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: ஒரே ரக நெல்லிக் கன்றுகளைத் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்று தவறாகச் சொல்லி விற்றது, இழப்பீடு கோருதல்.

ஐயா,

2019 ஆடி மாதம் உங்கள் நர்சரியில் 110 நெல்லி ஒட்டுக் கன்று வாங்கினேன். பில்லில் எல்லாமே கிருஷ்ணா ரகம் என்றுதான் இருக்கிறது. ஒடுகத்தூர் பக்கம் எனக்கு இருக்கும் ஒரு ஏக்கர் செம்மண் காட்டில் இருபதடி இடைவெளி விட்டு, சொட்டு நீர் போட்டு நட்டேன். ரெண்டு மூணு ரகம் கலந்து கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டேன். உங்கள் விற்பனையாளர், "தேவையே இல்லை சார், இது செல்ஃப், ஒத்த மரம் வச்சாலும் காய்க்கும்" என்றார். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். நீங்கள் கையில் கொடுத்த நோட்டீசிலும் 'வெளிநாட்டு செர்ரி போலத் தானே காய்க்கும் மரபணு கொண்டது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மரத்தில் குறை ஒன்றும் இல்லை. நன்றாக வளர்ந்திருக்கிறது, பூவும் வருகிறது. பூக்கிற பருவத்தில் கிளை முழுக்க மஞ்சள் பூத்து தேனீ மொய்க்கும். அப்புறம் அத்தனையும் கொட்டிவிடும். மரத்துக்கு நாலைந்து காய் தேறினால் பெரிது. இதைச் சொல்லி நான் எழுதியபோதெல்லாம் ஒருமுறை போரான் என்ற நுண்ணூட்டச் சத்தைத் தெளிக்கச் சொன்னீர்கள், அடுத்தமுறை வேலூர் வெயில்தான் காரணம் என்றீர்கள். வெயிலுக்குப் பயப்படுகிற மரமா நெல்லி? மானாவாரிக்கு ஏற்ற மரம் என்றுதான் ஊரெல்லாம் நடுகிறார்கள். கடைசியாக, நெல்லி கருவுற்றாலும் கொஞ்ச காலம் உறங்கித்தான் காயாகும், மழை வரட்டும் என்று பதில் வந்தது. நெல்லிக்கு அப்படி ஓர் உறக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உறங்குவதற்கு முதலில் கருவுற வேண்டுமே. மழையும் வந்து போய்விட்டது.

என் தோட்டத்துக் கிழக்கு வேலியை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை நிலத்துக் கிணற்று மேட்டில் விதையில் முளைத்த நாட்டு நெல்லி ஒன்று நிற்கிறது. வேலியோரத்து என் மரங்களில், அந்த மரத்தைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் காய் தாங்காமல் வளைந்து கிடக்கின்றன. அதே மரத்தின் மறுபக்கக் கிளைகளில் காய் குறைவு. அடுத்த வரிசையில் இன்னும் குறைவு. மூன்றாவது வரிசைக்கு மேல் வெறும் இலைதான். எல்லா மரத்துக்கும் ஒரே போர் தண்ணீர், ஒரே உரம், ஒரே வெயில். போரான் பற்றாக்குறை வேலியைப் பார்த்தா வரும்?

இதை உறுதி செய்ய ஒரு வேலை செய்து பார்த்தேன். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கிளையில் தனித்தனியாக இருக்கும். குச்சியின் அடிப்பக்கம் கொத்துக் கொத்தாக ஆண் பூ; நுனிப்பக்கம், காம்பே இல்லாததுபோல் குச்சியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு பெண் பூ. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். தோட்டத்தின் நடுவில் நிற்கிற மரத்தில், பூ விரியும் முன்பே இரண்டு கிளைக்கு நெருக்கமாக நெய்த வேட்டித் துணியால் பை கட்டினேன். ஒன்றை அப்படியே விட்டேன், அதன் பூ அதற்கே. இன்னொன்றில் தினமும் காலையில் நாட்டு நெல்லியின் பூங்குச்சியைக் கொண்டுவந்து உதறிவிட்டுத் திரும்பக் கட்டினேன். முதல் பையில் உதிர்ந்த பூதான் மிச்சம். இரண்டாவதில் பிஞ்சு பிடித்தது. இரண்டையும் பை பிரித்த அன்றே எடுத்த படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்தது 110 கன்று என்று பில் சொல்கிறது. மரபணுக் கணக்கில் அது ஒரே மரம். ஒட்டுக் கட்டும் குச்சி எல்லாம் ஒரே ரகத்துத் தாய் மரத்தின் வழிவந்தது என்பதால் 110 மரத்துக்கும் மரபணு ஒன்றே. நெல்லியில் தன் மகரந்தத்தை ஏற்காத குணம் உண்டு, ரகத்துக்கு ரகம் அதன் அளவு கூடும் குறையும், அதனால் குறைந்தது இரண்டு ரகமாவது கலந்து நட வேண்டும் என்பது தோட்டக்கலைக்காரர்களுக்கு அரிச்சுவடி. மாவில்கூட வடக்கே தசேரி, லங்ரா ரகங்களுக்கு இதே சிக்கல் உண்டு. நர்சரி நடத்துகிற உங்களுக்குத் தெரியாதா என்ன?

அந்த செர்ரி விஷயத்துக்கும் வருகிறேன், நோட்டீசில் போட்டது நீங்கள்தானே. செர்ரி, ஆப்பிள், பேரி மரங்களில் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பது 'எஸ்' என்று அழைக்கப்படும் ஒரு மரபணு இடம். செர்ரியில் மரத்துக்கு இரண்டு 'எஸ்' வடிவம். ஒவ்வொரு மகரந்தத் தூளுக்கும் அதில் ஒன்றுதான். தூளில் இருக்கும் எஸ், பூவின் எஸ் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போனால், பூவின் சூல்தண்டில் உள்ள, ஆர்.என்.ஏ.வை அழிக்கும் ஒரு நொதி, தூளிலிருந்து சூலை நோக்கி வளரும் மகரந்தக் குழாயைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் அல்லவா, அதே முறைதான். பெயர் வேறாக இருந்தும் இரண்டு எஸ் வடிவமும் ஒன்றாக இருக்கும் ரகங்கள்கூட ஒன்றுக்கொன்று உதவாது.

தானே காய்க்கும் செர்ரி சும்மா வந்ததில்லை. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் மகரந்தத்தின் மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, எஸ்-4 வடிவத்தில் மகரந்தம் தன்னை அடையாளம் காட்டும் பகுதியைக் கெடுத்து உண்டாக்கினார்கள். அந்த வழியில் கனடாவில் 1968-இல் வெளிவந்ததுதான் ஸ்டெல்லா ரகம். லாப்பின்ஸ் போன்ற ரகங்கள் அதன் வாரிசு. ஜப்பானில் நிஜிசெய்கி பேரி மரத்தில் ஒரு கிளை மட்டும் மாறி, சூல்தண்டின் நொதியை இழந்து, தானே காய்க்கும் ஓசா நிஜிசெய்கி ஆனது. இப்படித் தானே காய்க்கிற ரகம் என்றால் எந்தத் தாயிலிருந்து, எந்த மாற்றத்தால் என்று சொல்ல ஒரு வரலாறு இருக்கும். உங்கள் கிருஷ்ணா கன்றுக்கு அப்படி என்ன வரலாறு என்று எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் அந்த வாசகத்தை எந்த ஆதாரத்தில் அச்சடித்தீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

கன்றுக்கு ஒரு வருட உத்தரவாதம், அது முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். காய்க்கவே நாலைந்து வருடம் பிடிக்கிற மரத்துக்கு ஒரு வருட உத்தரவாதம் எதற்கு உதவும்? என் புகார் கன்று பட்டுப்போனதைப் பற்றியும் அல்ல. தவறான தகவலைச் சொல்லி விற்றதைப் பற்றியது. விவசாயம் வியாபாரம், அதனால் நான் நுகர்வோர் இல்லை என்றும் ஒருவர் வாதாடினார். விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. கன்றுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது.

மரங்களை வெட்டிப் புதிதாக நட எனக்கு வயதும் இல்லை, மனமும் இல்லை. வேறு இரண்டு நெல்லி ரகக் குச்சிகளை உங்கள் செலவில் கொண்டுவந்து, தோட்டம் முழுக்கப் பரவலாக, பத்து மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் ஆட்களை வைத்தே மேலொட்டு (நிற்கிற மரத்தின் கிளையிலேயே வேறு ரகக் குச்சியை ஒட்டுவது) கட்டித் தர வேண்டும். எந்த ரகம் என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவு செய்வோம், உங்கள் விற்பனையாளரைக் கேட்டு அல்ல. கன்றுக்கு நான் கொடுத்த தொகையையும் திருப்பித் தர வேண்டும். நோட்டீசிலிருந்து அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். இந்தப் பருவத்திலும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பில், நோட்டீஸ், தோட்டப் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல் என்னிடம் இருக்கிறது. தோட்டத்தைப் பார்க்க வருவதானால் முதல் நாள் போன் செய்துவிட்டு வாருங்கள், ஆள் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் நெல்லித் தோட்ட வாடிக்கையாளர்